நான் கிழித்த பதினேழாம் பக்கம்

நம் குடும்பத்துக் கதைகளை எல்லாம் எழுதி வையுங்கள் என்று என் பிள்ளைகள் இரண்டு வருடமாக நச்சரிக்கிறார்கள். பெரியவன் தடிமனான டைரி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். சின்னவள் எப்படி ஆரம்பிப்பது என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். ஞாபகத்துக்கு வருகிற முதல் சம்பவத்தை எழுதினால் மற்றதெல்லாம் தானாக வருமாம். முப்பத்தாறு வருடம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான், எனக்கா ஆரம்பிக்கத் தெரியாது? அந்த முதல் சம்பவம்தான் தொல்லை. அது வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு வேறு எதையும் உள்ளே விட மாட்டேன் என்கிறது. சரி, அதையே எழுதித் தொலைக்கிறேன்.

எனக்கு அப்போது பதினோரு வயது. திண்டுக்கல்லில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நாங்கள் வேதக்காரர்கள், கோயில் என்றால் மாதா கோயில். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை, நாலே பேர். அப்பா வாத்தியார். அத்தைக்கு இருபது வயது. தாய் தகப்பன் இரண்டு பேரும் அவள் சிறுபிள்ளையாக இருந்தபோதே போய்விட, அப்பாதான் அவளை வளர்த்து எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்தார். அதனாலேயே அத்தை அப்பாவுக்கு எதிரே நின்று ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டாள். அப்பா தெருமுனை திரும்பியதும் வாயைத் திறந்தாளானால் அவளை மூட வைக்க ஆள் கிடையாது.

ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலம் தொடங்கிய வாரம் எங்கள் வகுப்பு சிஸ்டர் ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வீட்டில் கேட்டுக் கேட்டு, குடும்பத்தில் நடந்த கதைகளை எழுதிக்கொண்டு வர வேண்டும். ஈஸ்டர் கழிந்து எல்லா நோட்டையும் பங்குச் சாமியார் படித்துப் பார்ப்பார். நன்றாக எழுதிய பிள்ளைக்குத் தங்க ஓரம் போட்ட மாதா படம் பரிசு.

நான் முதல் பக்கத்தில் 'எங்கள் குடும்பம் நல்ல குடும்பம்' என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு வாரம் எதுவும் ஓடவில்லை. அப்பாவிடம் கேட்டால் பூட்டன், பாட்டன் பெயர்களை வரிசையாகச் சொல்லி, யார் யாருக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் ஆனது என்று ஒரு பட்டியல் கொடுத்தார். அதைப் படித்தால் சாமியார் தூங்கிவிடுவார். அம்மாவோ, நம் வீட்டில் எழுதி வைக்கிற மாதிரி என்ன நடந்தது, போய் வெங்காயம் உரி என்றாள்.

அத்தைதான் கைகொடுத்தாள். எங்கள் ஊரில் அப்போது தண்ணீருக்குப் பட்ட பாடு சொல்லி முடியாது. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அதுவும் எந்த நேரம் என்று அதற்கே தெரியாது. குடத்தை வரிசையில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்துக் கிடப்போம். அத்தை அங்கே உட்கார்ந்து கதை சொல்வாள், நான் நோட்டை மடியில் வைத்துப் பென்சிலால் கிறுக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய் மையால் எழுதுவேன். அப்பா தன் கல்யாணத்தன்று காலையில் தறிக்காரர் வீட்டில் படுத்துத் தூங்கிப்போய், மாப்பிள்ளையைக் காணோம் என்று ஊரே தேடிய கதை அங்கே கேட்டதுதான். அதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எழுத்து என்றால் இவ்வளவுதானா என்று தலைக்கனம் ஏறிவிட்டது.

இதற்கிடையில் அத்தைக்கு இரண்டு காரியம் நடந்தது. ஒன்று, வத்தலக்குண்டில் மாப்பிள்ளை அமைந்தது. மளிகைக் கடைக்காரர், வயது முப்பத்தொன்று. மனைவி இறந்து ஒரு வருடம், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரு காலத்தில் எங்கள் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்து, பிறகு வத்தலக்குண்டுக்குப் போன குடும்பம். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது, அத்தைக்கு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. ஜூன் மாதம் போய்ச் சேர வேண்டும். அப்பா அதைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்தார். கல்யாணம் மே மாதம் முதல் வாரம், அதற்குப் பிறகு படிப்பதும் படிக்காததும் மாப்பிள்ளை வீட்டார் இஷ்டம் என்றார்.

அத்தை "சரிண்ணே" என்றாள். அன்றைக்கு அரைத்த சட்னியில் உப்பில்லை. அதற்குமேல் வீட்டில் எதுவும் நடக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துக் குழாயடியில் அவளாகவே கூப்பிட்டு, தன் பிறப்பைப் பற்றிச் சொல்லப்போகிறேன், விடாமல் எழுது என்றாள். அவள் பிறந்தபோது மூச்சுப் பேச்சில்லாமல் உடம்பு நீலம் பாரித்துக் கிடந்தாளாம். பிள்ளை பிழைக்காது, சாமியாரைக் கூப்பிடவும் நேரமில்லை என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஞானஸ்நானம் இல்லாமல் பிள்ளை போய்விடக் கூடாதே. அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி மந்திரம் சொல்லலாம், ஆனால் அங்கே இருந்தவர்களுக்கு மந்திரம் முழுதாக வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பூசைக்கு உதவி செய்கிறவன், பதினோரு வயது. அவனைக் கூட்டிவந்து செம்பைக் கையில் கொடுத்தார்கள். அவன் தண்ணீரை ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்து என்று சொல்லி முடிக்கவும் பிள்ளை வீறிட்டு அழுதது. பத்து நாள் கழித்துக் கோயிலுக்குத் தூக்கிப்போய் மிச்சச் சடங்குகளை எல்லாம் சாமியார் செய்தார். பொடிப்பையன் ஞானஸ்நானம் கொடுத்தான் என்றால் சாமியார் ஏசுவார் என்று பயந்து, மருத்துவச்சி கொடுத்ததாகச் சொல்லி அவள் பெயரையே கோயில் புத்தகத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அந்தப் பையன்தான் இப்போது வத்தலக்குண்டு மாப்பிள்ளை.

நான் வாயைப் பிளந்தேன். இது எப்பேர்ப்பட்ட கதை. எழுதி முடித்ததும் அத்தை திருப்பிப் படிக்கச் சொன்னாள். பையன் என்று மட்டும் எழுதியிருந்தேன்.

"பேரைப் போடு தாயி. பேரு இல்லாட்டி யாரோ எவரோன்னு போயிரும். அவுக அப்பா பேரையும் சேத்துப் போடு."

போட்டேன். 'என்ன ஆச்சரியம், அன்று உயிர் கொடுத்தவரே இன்று மாலையிடப் போகிறார்' என்று நானாக ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். அதைக் கேட்டு அத்தை சிரித்தாள். நோட்டில் அது பதினேழாம் பக்கம் தொடங்கி பதினெட்டில் முடிந்தது, ஒரே தாளின் முன்னும் பின்னும்.

ஈஸ்டர் முடிந்து முதல் ஞாயிறு பூசையில் அத்தை கல்யாணத்துக்கு ஓலை வாசித்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தாக வேண்டும். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் கல்யாணம் பேசியிருக்கிறது, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் படிப்பார். அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் நோட்டை சிஸ்டரிடம் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை. அன்று பூசைக்குப் பிறகு ஞானோபதேச வகுப்பில்தான் என் தலையில் இடி விழுந்தது.

உபதேசியார் பிரம்பை மேசையில் வைத்துவிட்டு, கல்யாணத் தடைகள் என்னென்ன என்று பாடம் நடத்தினார். இரத்த உறவு, ஏற்கெனவே கல்யாணம் ஆனவர் என்று சொல்லிக்கொண்டே வந்து, ஞான உறவு என்றார். ஒருவருக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தவர் அவருக்குத் தகப்பன் முறை, அந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகாது என்று விளக்கினார். என் கை தானாக மேலே போனது. தெரியாமல் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"தெரியாமக் கட்டுனாலும் செல்லாது. முன்னாடியே சாமியார்ட்டச் சொன்னா, சாமியாருக்கெல்லாம் பெரியவரு மேற்றிராணியாருக்கு எழுதிப்போட்டு உத்தரவு வாங்கலாம். ரெண்டு மாசமோ மூணு மாசமோ ஆகும். தெரிஞ்சும் சொல்லாம மறைக்கிறது சாவான பாவம்."

செல்லாது என்பதற்குப் பிறகு அவர் சொன்னது பாதி காதில் ஏறவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் இருந்தாள். இரண்டாவது ஓலையோடு அவள் கல்யாணம் நின்றுபோய் எத்தனையோ வருடமாகியும், அவளுக்குப் பெயர் ஓலை நின்றவள் என்பதுதான். யாரும் பெண் கேட்டு வரவில்லை. என் அத்தையும் அப்படி ஆகிவிடுவாள், அதுவும் என் கையெழுத்தில். பெயர், தகப்பன் பெயர் எல்லாம் தெளிவாகப் போட்டு நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாமியார் படிக்க வேண்டியதுதான் பாக்கி.

ஒருவேளை கதையே பொய்யாக இருக்கலாம் என்று ஒரு நப்பாசை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், அத்தைக்குத் தண்ணீர் ஊற்றியது வத்தலக்குண்டு மாப்பிள்ளையா என்று மெதுவாகக் கேட்டேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசல் பக்கம் பார்த்தாள்.

"யாரு சொன்னா ஒனக்கு? அப்பா காதுல விழுந்துராம. கோயில் புஸ்தகத்துல மருத்துவச்சி பேருதான் இருக்கு. அதோட விட்டுரு."

ஆக, மெய்தான். அப்பாவுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியாது. புத்தகத்தில் இல்லாதது என் நோட்டில் எழுதியிருக்கிறது என்பது எனக்கும் அத்தைக்கும் மட்டும்தான் தெரியும். அன்று மத்தியானம் கறிக்குழம்பு. ஒரு வாய் இறங்கவில்லை.

திங்கட்கிழமை முதல் ஆளாகப் பள்ளிக்கூடம் போனேன். நோட்டுகள் இருந்த அலமாரி பூட்டியிருந்தது. இடைவேளையில் சிஸ்டரிடம், ஒரு பிழை இருக்கிறது, திருத்தித் தருகிறேன் என்று கேட்டேன். எழுதினது எழுதினதாக இருக்கட்டும், பிழையைச் சாமியார் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை மறுபடி போய் நின்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்டுத் திரும்பினேன்.

புதன்கிழமை கடைசி மணிக்கு சிஸ்டர் நோட்டுகளை எல்லாம் எடுத்து அடுக்கி, கயிறு போட்டுக் கட்டினார். சாமியார் பங்களாவுக்கு யார் கொண்டுபோவது என்று கேட்டு முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போதும் எந்த வேலைக்கும் எழுந்திருக்காதவள். சிஸ்டர் ஆச்சரியப்பட்டு, பத்திரம் என்று கொடுத்தனுப்பினார்.

கோயிலுக்குப் பின்னால் மாதா கெபி இருக்கிறது. கல்லால் கட்டிய சின்னக் குகை, அதற்குப் பின்புறம் யாரும் வர மாட்டார்கள். அங்கே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். விரல் எல்லாம் வியர்த்து முடிச்சு வழுக்கியது. என் நோட்டு அடியிலிருந்து மூன்றாவது. பதினேழாம் பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். அது நடுவில் நூல் போட்டுத் தைத்த நோட்டு. ஒரு தாளைக் கிழித்தால் அதற்கு ஜோடியான மறுபாதித் தாளும் கழன்று வரும் என்பது எனக்கு உறைக்கவில்லை. கிழித்த தாளைக் கசக்கிப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு, நோட்டுக் கட்டை மறுபடி கட்டித் தூக்கியபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏத்தா, கெபிக்குப் பின்னால என்ன சோலி?"

கோயில்பிள்ளை. கோயிலைக் கூட்டி மணி அடிக்கிற கிழவர். வாளியோடு நின்றார். ஜெபம் பண்ணினேன் என்றேன். மாதா முன்னால் அல்லவா இருக்கிறாள் என்றார் அவர். அவர் குனிந்து, என் காலடியில் கிடந்த தாளை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். கழன்று விழுந்த மறுபாதி. நல்லகாலம், நான் எழுதாத பக்கம் அது, வெறும் கோடுதான். தாளை இப்படி வீணாக்கலாமா என்று அதைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சாமியார் பங்களா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டை வாங்கி வைத்தார். போகலாம் என்று திரும்பியவளைக் கூப்பிட்டு, ஓலை வாசிக்கிற வீட்டுப் பிள்ளை அல்லவா நீ என்றார். ஆமாம் என்றேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, கல்யாண வேலை எப்படி நடக்கிறது என்று விசாரித்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"என்ன தாயி, சாமிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

சாவான பாவம் என்றால் நேரே நரகம். எங்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது. நெருப்பு, புழு, பல் கடிப்பு எல்லாம் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். பாவசங்கீர்த்தனம் செய்து தப்பித்துக்கொள்ளலாம் என்றால், அதைக் கேட்கப்போகிறவரும் இதே சாமியார். ஆகவே தப்பிக்க வழியில்லை. ஒரு பக்கம் நான் நரகத்துக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அத்தை ஓலை நின்றவளாக வீட்டில் உட்கார வேண்டும். எனக்கு அத்தையை அவ்வளவு பிடிக்கும்.

"ஒண்ணுமில்ல சாமி" என்றேன்.

அவர் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். வீட்டுக்கு ஓடிவந்து, அம்மா பார்ப்பதற்குள் இடுப்பிலிருந்த தாளை அடுப்பில் போட்டேன். அது நிதானமாகத்தான் எரிந்தது. எரிந்து முடியும்வரை நின்று பார்த்தேன்.

மறுநாள் குழாயடியில் அத்தையைத் தனியாக இழுத்து, நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். தடை என்று உபதேசியார் சொன்னது, கெபி, கோயில்பிள்ளை, சாமியார் கேட்டது, அடுப்பு. அவள் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குடத்தின் வாயைக் கையால் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"முழுசும் எரிஞ்சிருச்சா?"

முழுதும் என்றேன். சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். தண்ணீர் வந்தது. எங்கள் முறை வந்தும் அவள் எழுந்திருக்காமல், பின்னால் நின்றவள் சத்தம் போட்ட பிறகுதான் குடத்தை நகர்த்தினாள்.

கல்யாணம் தள்ளிப்போகத்தான் அந்தக் கதையை எழுதவைத்தாள் என்றால், அவளே போய்ச் சாமியாரிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால், அண்ணன் கூடியிருந்து மறைத்தார் என்று அவளே காட்டிக்கொடுத்ததாக ஆகும். தன்னைத் தூக்கி வளர்த்த மனிதரை அவளால் அப்படிச் செய்ய முடியாது. விவரம் தெரியாத பிள்ளை பள்ளிக்கூட நோட்டில் எழுதியதென்றால் யார் யாரைக் குற்றம் சொல்ல முடியும்? அவளுக்கு வேண்டியிருந்தது இரண்டு மாதம். ஜூன் வந்திருந்தால் ஒருவேளை பெட்டியைத் தூக்கியிருப்பாள். மாப்பிள்ளை வீட்டாரும், பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் அவசரமாக வேண்டுமென்று வேறு இடம் தேடியிருப்பார்கள். இதெல்லாம் எனக்கு விளங்கியது பதினெட்டு வயதில், நானே அதே பயிற்சிப் பள்ளியில் போய்ச் சேர்ந்த அன்று. விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, பெட்டியைத் திறக்காமலே அழுதேன். என்னை வழியனுப்ப வத்தலக்குண்டிலிருந்து அத்தை வந்திருந்தாள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு கடைசிவரை அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது, இனிக் கேட்டும் பயனில்லை.

ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு தடவை பேசினாள். அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதியதே வீண். மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம். எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே போயிருந்தார். பின்னலை இறுக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்.

"ஏத்தா, அந்தப் பக்கம் அம்புட்டும் ஒனக்கு ஞாபகம் இருக்கா?"

ஒரு வரி விடாமல் இருக்கிறது என்றேன்.

"திரும்ப எழுதி, விட்டுப்போன பக்கம்னு கொண்டுபோய்க் குடுத்தா, சாமி வாங்கிக்கிருவாரா?"

எங்கள் வீட்டில் பிள்ளைகளை இப்படித்தான் சோதிப்பார்கள். ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, யாராவது மிட்டாய் கொடுத்தால் சொல்லிவிடுவாயா என்று கேட்பார்கள். நான் சோதனையில் தோற்கிற பிள்ளையா?

"தலையே போனாலும் எழுத மாட்டேன் அத்தே" என்றேன்.

பின்னல் செத்த நேரம் நின்றது. பிறகு ரிப்பனை முடிந்து, கெட்டிக்காரி என்று சொல்லி முதுகில் தட்டிவிட்டு எழுந்து போனாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் பூசையில் பெண்கள் பக்கம் அத்தையும் நானும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் நன்மை வாங்க, அதாவது நற்கருணை அப்பம் வாங்க, எழுந்தபோது நான் போகவில்லை. பாவத்தோடு எப்படிப் போவது? அம்மா தொடையில் கிள்ளினாள், பல்லைக் கடித்துக்கொண்டேன். நன்மை கொடுத்து முடிந்ததும் சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அத்தையின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் மூன்றாம் தடவையாகப் படித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சொல்லி நிறுத்தினார். நான் திரும்பிப் பார்த்தேன். முக்காட்டுக்குள்ளிருந்து அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறையத் தண்ணீர். பாவம், நான் எங்கே எழுந்து சொல்லிவிடுவேனோ என்று பயந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் கையைப் பிடித்து அழுத்தி, சொல்ல மாட்டேன், சொல்லவே மாட்டேன் என்று தலையை ஆட்டிக் காட்டினேன்.